பிழை, நான்கு

என் ஏட்டில் அவன் பெயர் லூமிர் ஹாவ்ரானெக் அல்ல.
நான்கு.
பேஸ்பால் கணக்கு அப்படி. பந்தெறிபவன் ஒன்று,
இரண்டாம் தளத்தைக் காப்பவன் நான்கு.
பதினோரு கோடை,
நெப்ராஸ்காவின் சோளக்காற்று புழுதி அள்ளிக் கொட்டும் மைதானத்தில்
ஆறு, நான்கு, மூன்று என்று
நான் எழுதிய போதெல்லாம்
நடுவில் இருந்தவன் அவன்:
சறுக்கி வரும் ஓட்டக்காரனின் ஆணிச்செருப்புக்கு மேலே
ஒரு கணம் தொங்கி,
எறிந்துவிட்டு விழுந்தவன்.

எழுபத்தொன்றில் ஒருநாள்
கல்லில் பட்டுத் துள்ளிய பந்து
அவன் கையுறையைத் தாண்டிப் போனது.
பிழை, நான்கு, என்றெழுதினேன்.
இரண்டு வருடம் பேசவில்லை.
மளிகைக்கடையில் பார்த்தால்
என் மனைவிக்கு மட்டும் தொப்பியைத் தூக்குவான்.
அன்றிலிருந்து ஒவ்வொரு பந்துக்கு முன்னும் குனிந்து
கல் பொறுக்கிப் பின்பாக்கெட்டில் போட்டுக்கொள்வான்.

முழங்கால் போனது. மேலாளர் ஆனான்.
இந்த ஆட்டத்தில் மேலாளரும் சீருடை போட்டாக வேண்டும்;
தொப்பை மேல் பித்தான்கள் திணறும்.
ஒன்பது பெயரை எழுதி நடுவரிடம் நீட்டுவான்,
தன் பெயர் நீங்கலாக.
விடியாத நெடுஞ்சாலையில், பேருந்தின் முன்னிருக்கையில்,
எந்தப் பையனை வீட்டுக்கு அனுப்புவது என்று
சூரியகாந்தி விதையை மென்று மென்று துப்புவான்.
மேலிருந்து பார்க்கும் எனக்கு மட்டும் தெரியும்:
டக்அவுட்டில் நின்றபடியே, ஒவ்வொரு பந்துக்கும்
அவன் குதிகால் தரையைவிட்டு எழும்.

நேற்று ஒன்பதாம் சுற்று. ஓரோட்டம் முன்னிலை.
இரண்டிலும் மூன்றிலும் எதிரணி ஆள்.
கையசைத்து, நம் நான்காம் எண் எலீசியோவை
தளத்தை நோக்கி மூன்று தப்படி நகர்த்தினான்.
பந்து,
எலீசியோ அதுவரை நின்றிருந்த இடத்தின் வழியே
அவசரமே இல்லாமல் உருண்டது.
இரண்டு பேர் வீடு சேர்ந்தார்கள்.
கூட்டம் பையனின் தாயை இழுத்துத் திட்டியது.

விதிப்படி அது ஹிட். பிழையல்ல.
ஹிட் என்றுதான் எழுதினேன்.

விளக்கணைக்கும் நேரம் இரும்புப்படி அதிர்ந்தது.
மூச்சு வாங்க வந்து நின்றான்.
“பிழை போடு.”
“பையனுக்கா?”
“எனக்கு.”
“உனக்குக் கட்டமே கிடையாதே, லூமிர்.”

வெகுநேரம் ஏட்டைப் பார்த்தான்.
பின்பாக்கெட்டைத் துழாவி
ஒரு கல்லை எடுத்து
அந்தப் பக்கத்தின் மேல் வைத்துவிட்டு
இறங்கிப் போனான், கைப்பிடியைப் பற்றி,
ஒவ்வொரு படியாக.

காற்று வந்தது.
தாள் புரளவில்லை.