உடன் வந்தவர் கையொப்பம்

துவரம்பருப்பளவுதான் இருந்தது என்றார் டாக்டர்.
எனக்குக் காட்டவில்லை.
புட்டியில் மிதந்ததை சுமன் ராவத்துக்குக் காட்டினார்களாம்.
"பருப்புகூட இல்லை, கடுகு" என்கிறாள்
கடுகு வாங்கி ஏமாந்தவள் மாதிரி.

கர்கர்டூமாவில் நாலரைக்கே விளக்கு எரிகிறது.
நவம்பர்ப் புகையில் எதிர்ச் சாரிக் கட்டடங்கள்
பாதி அழித்த கணக்கு.
படியிறங்கும்போது அவள் என் கையைப் பிடிக்கவில்லை.
தோளில் தொங்கிய பையின் வாரை
இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்,
சந்தையிலிருந்து ஆட்டை ஓட்டி வருகிறவளைப் போல.

ஏழு வருடம் எதிரெதிர் மேஜை.
நான் திறக்கும் ஜன்னலை அவள் மூடுவாள்.
என் டிபன் டப்பாவின் பெருங்காயத்துக்காக
ஒருமுறை மானேஜர்வரை போனவள்.

கூட ஆள் இல்லாமல் மயக்க மருந்து கிடையாது
என்று சொல்லிவிட்டார்கள்.
மூன்று நாள்
போனில் பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன்.
ஒருத்தி குர்காவுக்கு வீடு மாறிவிட்டாள்.
ஒருத்தியின் பிள்ளைக்குப் பரீட்சை.
"டிக்கெட் பாக்கட்டுமாக்கா" என்று கரூரிலிருந்து தம்பி
இழுத்த இழுப்பிலேயே வேண்டாமென்றேன்.
லீவுத் தாள் அவள் மேஜை வழியாகத்தான் போகவேண்டும்.
படித்தாள்.
கூட யார் வருகிறார்கள் என்று கேட்டாள்.
நான் வாய் திறப்பதற்குள்
தனக்கும் ஒரு லீவு எழுதிக்கொண்டிருந்தாள்.

இன்று காலை படிவத்தில்
'நோயாளிக்கு உறவுமுறை' என்ற கட்டத்தில்
போன் நம்பரை எழுதிவைத்தாள்.
கடைசி இரண்டு இலக்கம் கட்டத்துக்கு வெளியே விழுந்தது.

ஈ-ரிக்‌ஷாவில் ஏறினோம்.
அடிவயிற்றில் யாரோ நாற்காலியை நகர்த்துவதுபோல்
ஒவ்வொரு பள்ளமும்.
"பையா, தீரே... தீரே பையா."
பட்பட்கஞ்ச் திருப்பத்தில் அவனுக்கும் அவளுக்கும் சண்டை.
முழங்காலால் என் முழங்காலை முட்டுக்கொடுத்தபடியே
போட்டாள் அந்தச் சண்டையை.

பிறகு திடீரென்று சிரித்தாள்.
"மயக்கத்தில் நீ என்ன பேசினாய் தெரியுமா? இந்தி!
ஏழு வருடத்தில் என்னை ஒருநாள் யார் என்று கூப்பிட்டிருக்கிறாயா?
நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு
யார், அச்சா... யார், அச்சா...
பத்துத் தடவை.
அந்தப் பெண்ணும் அச்சா, அச்சா என்று
தலையாட்டிக்கொண்டே இருந்தாள்."

அவள் மொழியில் யார் என்றால் சினேகிதம்.
அச்சா என்றால் சரி, நல்லது, அப்படியா,
அப்புறம் பார்க்கலாம்.

அவள் சொன்ன மாதிரியே
வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
வறண்ட நாக்கு
தானாகவே அதற்கொரு வால் சேர்த்தது.
யாராச்சும்.

யாராச்சும் என்ன?
யாராச்சும் தண்ணி குடுங்களேனா,
யாராச்சும் கதவைச் சாத்துங்களேனா,
வேறெதுவுமா?
மிச்ச வாக்கியம் மருந்தோடு போய்விட்டது.
துவரம்பருப்போடு போயிருந்தாலும் போயிருக்கும்.

"என்ன யோசிக்கிறாய்?"
சொல்ல வந்தேன்.
ஒரு லாரி ஹாரன் அடித்தது.
அவள் தன் துப்பட்டாவின் நுனியை
என் மூக்கருகே பிடித்தாள்.
நாப்தலின் உருண்டை வாசம், கொஞ்சம் நெல்லிக்காய் எண்ணெய்.
"அச்சா" என்றேன்.
"பார்த்தாயா!" என்று தொடையில் தட்டினாள்.
தன் தொடையில்தான்.

திரிலோக்புரியில் மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது.
ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று
மூச்சு வாங்கியது அவள்தான்.
எனக்காக நிற்பதுபோல் காட்டிக்கொண்டாள்.
என் பூட்டைத் தப்பான சாவியால் இருமுறை திட்டினாள்.
கட்டிலில் என்னைக் கிடத்திவிட்டு
சமையல்கட்டில் டப்பாக்களை ஒவ்வொன்றாக மோந்தாள்.
மஞ்சள் டப்பாவிடம் வந்ததும் ஒரு தும்மல்.

கிச்சடி குக்கரில் இருக்கிறது என்றாள்.
மாத்திரை எட்டு மணிக்கு என்றாள்.
வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே,
ரிக்‌ஷாவுக்கு அறுபது ரூபாய் நான் கொடுத்தேன்,
நினைவிருக்கட்டும் என்றாள்.
நான் பர்ஸைத் தேடிக் கையை நீட்டினேன்.

இப்ப எழுந்திருக்காதே.
நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.