தொழில்: இல்லை

மூக்கில் கிளிப் மாட்டினால்
எல்லாருமே கொஞ்சம் பகிடியாய்த்தான் தெரிவார்கள்.
உதுமாலெவ்வை சிரிக்கவில்லை.
சம்மாந்துறை மில்லொன்றில் பத்தொன்பது வருசம்
தவிட்டுத் தூசுக்குள் மூட்டை கட்டினவர்,
மட்டக்களப்புக்கு முதல் பஸ்ஸில் வந்து
முழங்காலில் கைவைத்து இருக்கிறார்
சோதனைக்கு வந்த பிள்ளை மாதிரி.

இழுங்க, இழுங்க, நெஞ்சு நிறைய இழுங்க,
இப்ப ஊதுங்க! ஊதுங்க ஊதுங்க ஊதுங்க
விடாதீங்க, இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு!
ஒரு நாளைக்கு இருபது தரம் கத்துகிறேன்.
உள்ளே பிரசவமா நடக்குது என்று
பக்கத்து அறைத் தாதி கேட்பாள்.

திரையில் ஏறின கோடு
ஈரச்சாரம் போட்ட கொடியாய்
நடுவில் தொய்ந்து இறங்கிற்று.
முதல் செக்கனில் ஒன்று தசம் ஒன்பது லீற்றர்.
மூன்றாவது வந்திருக்க வேணும்.

பீடி?
"உட்டு ஏழு வருசம். பெருநாளைக்கு மட்டும் ஒண்டு."
முகக்கவசம்?
"தந்தாங்க. மூச்சு முட்டுது எண்டு கழட்டிப் போட்டன்."
இதை எழுதப் படிவத்தில் பெட்டி இல்லை.

மூலையில், மடியில் மருந்துப் பையோடு
அவர் மனிசி ஹயாத்தும்மா.
"இதுக்குள்ள ஊதினா காத்த அளக்குமா, புள்ள?"
பிரித்த குழாயொன்று மேசையில் கிடந்தது.
அடுத்த ஆள் இன்னும் வரவில்லை.
விளையாட்டுக்குத்தான் கொடுத்தேன்.

அவவுக்கு நான் கத்தத் தேவை இருக்கவில்லை.
உதட்டைக் குழாயில் பொருத்தின விதத்திலேயே
ஒரு பழக்கம் தெரிந்தது.
ஒன்று தசம் ஒன்று.
மெசினைத் தட்டிப் பார்த்தேன்.
மறுகா ஊதுங்க. ஒன்று தசம் ஒன்று.
மூன்றாம் தரம், ஒன்று.

"எனக்கு முட்டு இல்ல புள்ள, வயசு போகுதுதானே.
கிணத்தடியில இருந்து குசினிக்கு வர
ரெண்டு தரம் நிப்பன், அவ்வளவுதான்."

புதுப் படிவம் எடுத்தேன்.
வயது ஐம்பத்து மூன்று.
புகைப்பழக்கம்? முக்காட்டுக்குள் சிரித்தா.
தொழில்?
"தொழில் ஒண்டும் இல்ல," அவர் முந்திக்கொண்டார்,
"ஊட்டில சும்மாதான்."
இல்லை என்று எழுதிவிட்டேன்.

"சும்மாவா?" என்றா, கோபமில்லாமல்,
ஏதோ விலை சரிபார்ப்பது மாதிரி.
"விடிய மூணு மணிக்கு அடுப்பு மூட்டி
கிழமைக்கு எட்டு மூட்டை நெல் அவிச்சுக் குடுத்தன்.
பின்னால தகரக் கொட்டில்.
மாரிக்கு நாலு பக்கமும் படங்கு கட்டிருவம்.
உமி லேசில எரியாது புள்ள, புகையும்.
குனிஞ்சு ஊதிக்கிட்டே இருக்கோணும்.
இருவத்திரண்டு வருசம்
ஊதுகுழலால ஊதினவதானே நான்."

காற்றாடி சுற்றும் சத்தம் கேட்டது.

உதுமாலெவ்வை தன் கைகளைப் பார்த்தார்.
"உமி மில்லில சும்மா தருவாங்க.
நான்தான் சைக்கிள்ல கட்டிக் கொண்டுபோறது."

இல்லை என்றதை வெட்டினேன்.
நெல் அவித்தல், உமிப் புகை, மூடின கொட்டில், 22 வருடம்.
பெட்டி ஒரு விரல் அகலம்.
எழுத்து கோட்டைத் தாண்டி
அலுவலக உபயோகத்திற்கு மட்டும் என்றிருந்த
வெற்றிடத்துக்குள் போய் முடிந்தது.

ரெண்டு பேருக்கும் எக்ஸ்ரே துண்டு.
அந்த அறை மேல்மாடியில்.
லிப்ட் திங்கட்கிழமை தொடக்கம் பழுது.
இருபத்தாறு படி.
நடுவில் இருக்க ஒரு வாங்கு இருக்கிறது என்று
இருவருக்கும் சொல்லி அனுப்பினேன்.