ஏழு சதவீதம்

யூரியா சாக்கில் சுற்றி
டிவிஎஸ் ஃபிப்டியின் முன்பலகையில் நிறுத்தி
நீடாமங்கலம் கேட்டில் இரண்டு ரயிலுக்குக் காத்திருந்து
கொண்டுவந்து இறக்கினார் உத்திராபதி.
"வீடியோ போட்டா மட்டும் கத்துதும்மா.
மத்த நேரம் கம்முனு கெடக்கு."

மூடியைக் கழற்றினேன்.
விசிறிச் சிறகில் அறுப்புத் தூசி,
எப்படியோ உள்ளே போன ஒரு கருக்காய்.
ஊதினேன். பசை மாற்றினேன்.
பழைய டிரைவரைப் பிடுங்கிப் புதியதை நட்டேன்.
பிரவுசரில் அவர் சொன்ன வீடியோவை
ஓடவிட்டேன்.

கிராபிக்ஸ் கார்டு
தொண்ணூற்று மூன்று சதவீதம்.

வீடியோவில் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம்.
இரவு. மதகு. ஷட்டரின் பல்சக்கரம்.
பாசனச் சங்கம் மாட்டிய மலிவுக் கேமரா.
ஓரத்தில் நேரம், இரண்டு பதினேழு.
ஒரு பூச்சி லென்ஸைக் கடந்து போகிறது.
இதற்கா இத்தனை மூச்சு?

ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்தேன்.
கார்டு அடங்கியது, பிராசஸர் எகிறியது.
ஒரு கதவை இறக்கினால்
தண்ணீர் இல்லாமலா போகும்,
அடுத்த கரையைப் போய் முட்டும்.
திரும்பப் போட்டேன்.

மூணாறு தலைப்பில் வெண்ணாறு பிரிகிறாற்போல்
கார்டுக்குள்ளும் கிளைகள் உண்டு.
வீடியோவை அவிழ்த்துத் தரும் கிளையில்
கணுக்கால் நனையவில்லை. நான்கு சதவீதம்.
படம் வரைகிற கிளையில்தான் கரை தளும்புகிறது.
ஓட்டுவதில் இல்லை இந்த உழைப்பு.
உட்கார்ந்து எதையோ
வரைந்துகொண்டிருக்கிறது.

டீ வந்தது. அவர் தொடவில்லை.
திரையில் விரல் வைத்தார்.
"இங்க நிறுத்து. இந்த மீசை.
பக்கிரிசாமிதான?"

ஷட்டரைத் தூக்குகிற ஆள்.
மூக்கு, மீசை, காதோரம் துண்டின் மடிப்பு.

"மொதல்ல மூஞ்சியே தெரியல.
மருமவன் புதுக் கார்டு போட்டுக் குடுத்தான்,
பளிச்சுன்னு ஆயிடுச்சு.
சங்கத்துல எல்லாருக்கும் காட்டுனேன்.
அவன் வயலுக்கு முறைத் தண்ணி நிறுத்தி
இன்னியோட ஒம்பது நாளு."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.
கார்டின் அமைப்புக்குள் போய்த் தேடினேன்.
நாலாவது பக்கத்தில், கீழே:
வீடியோ மேம்பாடு. தரம், உச்சம்.

கேமரா அனுப்புவது இருநூற்று நாற்பது வரி.
திரை கேட்பது ஆயிரத்து எண்பது.
இல்லாத வரிக்கு இது எங்கே போகும்?
பக்கத்துப் புள்ளியைப் பார்க்கும்.
பழக்கிவிட்ட படங்களை நினைத்துக்கொள்ளும்.
இங்கே ஓர் ஓரம் இருந்திருக்கும்,
இங்கே ஒரு நிழல், என்று
நொடிக்கு இருபத்தைந்து தரம்
யூகத்தை நடும்.

அணைத்தேன்.

ஏழு சதவீதம்.
கரண்டு போன போர்செட்டுபோல
விசிறி இறங்கி நின்றது.
தெருவில் வளையல்காரர் குரல்கூடக் கேட்டது.

இரண்டு பதினேழுக்குத் திரும்பிப் போனார்.
மதகு இருந்தது.
ஷட்டர் ஏறியது.
ஏற்றியது ஒரு சாம்பல் திட்டு.
ஆணாக இருக்கலாம், துண்டு போட்டிருக்கலாம்.
உயரத்தை மட்டும் வைத்துச் சொன்னால்
உத்திராபதியாகவும் இருக்கலாம்.

மூன்று முறை பார்த்தார்.
"அதத் திரும்பப் போடு."
"சத்தம் வருமே."
"வரட்டும்."

பக்கிரிசாமி இல்லை என்று
சாம்பல் திட்டும் சொல்லவில்லை.
எனக்கு அந்த ஊர் வாய்க்கால் தெரியாது,
வரப்புச் சண்டை எதுவும் தெரியாது.
ஸ்விட்ச் எந்தப் பக்கத்தில் என்று காட்டினேன்.
நான் போடவில்லை.

பில்லில் எழுதினேன்:
தூசி, பசை, டிரைவர், முந்நூற்றைம்பது.
கொஞ்சம் யோசித்து அடியில்,
மீசை கார்டு வரைந்தது.

படித்தார். எட்டாக மடித்துப் பையில் வைத்தார்.
மன்னை எக்ஸ்பிரஸுக்குக் கேட் மூடியிருந்தது.
லாரிகளுக்கு நடுவே
வண்டியை அணைத்துவிட்டு நின்றார்,
சாக்குமேல் ஒரு கை வைத்து,
உள்ளே இருப்பது எழுந்துவிடுமோ
என்பதுபோல.