எத்தனை பாயிண்ட்

பையில் துணி வைத்துப் பழகவில்லை நான்.
பதினொரு கிலோ ஜவ்வரிசி.
ஆலையில் கடனாக எடுத்து
என் பெயரிலேயே பற்று எழுதிக்கொண்டேன்.
ஞாயிறு விடியலில் அடிவாரத்தில் இறங்கி
ஏற்காட்டுப் பாதையில் நடந்தேன்.
ஏழாவது கொண்டை ஊசியில் தோள்பட்டை எரிந்தது.
பதினொன்றில் ஒரு குரங்கு
பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து பார்த்து
ஏமாந்து, மூடாமல் போனது.
அடுத்த வளைவில் டெம்போக்காரர் ஒருவர் வேகம் குறைத்து
‘ஏம்மா, வேண்டுதலா?’ என்றார்.
ஆமாம் என்றேன்.
எந்தச் சாமி என்று அவர் கேட்கவில்லை.

வீட்டில் சொன்னது:
மலேசியாவில் கணக்குப் பயிற்சி, ஒன்றரை மாதம்.
சொல்லாதது: திருச்சியில் ஏறி இறங்கும்வரைதான் வானம்,
மற்றதெல்லாம் தரை.

பாடாங் பெசாரில்
ஒரே ரயில் நிலையத்துக்குள் இரண்டு நாடுகளின் முத்திரை.
நடுவில் ஒரு கழிப்பறை,
அது யாருடையது என்று இன்றுவரை தெரியாது.
ஹாட்யாயில் மழை.
பாங்காக்கைத் தாண்டி மூன்றாம் வகுப்பு,
ஜன்னல் கம்பியில் முழங்கை சுட்டது.
போய்பெட்டில் விசாவுக்கு முப்பது டாலர் போக
நூறு பாட் தனியாகக் கேட்டார் அதிகாரி.
ஒன்பது வருடம் ஆலைக்கணக்கு எழுதியவள்;
ரசீது கொடுங்கள் என்றேன்.
ஒரு மணி நேரம் உட்கார வைத்தார். உட்கார்ந்தேன்.
கடைசியில் பாஸ்போர்ட்டைப் புரட்டி
‘சேலம்? சிகரெட்?’ என்று சிரித்துக் குத்தினார்.

பத்தம்பாங் போகும் வழியில் பேருந்து பஞ்சர்.
நான் இறங்குமுன் என் மூக்கு இறங்கிவிட்டது.
அந்தப் புளித்த வாடை.
அம்மாப்பேட்டை தாண்டியதும்
பேருந்தில் எல்லோரும் மூக்கைப் பொத்துகிற இடத்தில்
நான் மட்டும் இறங்குகிற வாடை.
குச்சிக்கிழங்கு!

சிமெண்டுக் களம் முழுக்கச் சீவல் காய்ந்துகொண்டிருந்தது.
ஒரு பெண் வெறுங்காலால் சால் பிடித்துப்
புரட்டிக்கொண்டே போனாள்,
குதிகால் தூக்காமல், விரலால் முன்தள்ளி,
எங்கள் களத்துப் பெண்கள் போலவே.
பையை இறக்கினேன். செருப்பைக் கழற்றினேன்.
அவள் சாலுக்குப் பக்கத்துச் சாலில் நடந்தேன்.

ஒன்பது வருடத்தில்
எங்கள் களத்தில் ஒருநாளும் கால் வைத்ததில்லை நான்.
கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்து
ஆள் எண்ணியிருக்கிறேன்.

சால் கோணியது.
குனிந்து என் கணுக்காலைப் பிடித்துத்
திருப்பி வைத்தாள்.
பெயர் கேட்டேன். சொக்கா என்றாள்.
சிரிப்பு வந்துவிட்டது. என் சட்டையை இழுத்துக் காட்டி
சொக்கா என்றேன்.
இல்லையென்று தலையாட்டி
நெஞ்சில் கை வைத்து, சொக்கா.
நான் சட்டையை, அவள் நெஞ்சை,
டயர் மாட்டி ஓட்டுநர் ஹாரன் அடிக்கும்வரை.

அப்புறம் லாவோஸ். அப்புறம் வியட்நாம்.
மேகாங்கைப் பார்த்தபோது
மேட்டூரில் பதினாறு கண்ணும் திறந்துவிட்டு
யாரும் தண்டோரா போடாததுபோல் இருந்தது.
அதில் ஒரு தீவில் நான்கு நாள் வயிற்றுப்போக்கு,
உப்பு, சர்க்கரை, யாரோ ஒரு பையன் கொடுத்த மாத்திரை.
வேறு பெரிதாக இல்லை.
பை ஒன்பது கிலோ ஆனது.
நான் நாற்பத்தாறு.

வேலை இருந்தது, சம்பளத்தில் பிடித்தம்.
முதலாளி பொன்னுரங்கம் ஒன்றும் கேட்கவில்லை.
பக்கவாட்டு ஜிப்பில் கிடந்த சீவலை
அவர் மேசையில் வைத்தேன்.
ஒடித்தார். முகர்ந்தார். கடைவாயில் வைத்துக் கடித்தார்.
‘இருபத்தெட்டு பாயிண்ட் நிற்கும்.
எந்த ஊர்க் கிழங்கு? ராசிபுரமா?’
‘கொஞ்சம் கிழக்கே’ என்றேன்.
‘லோடு வருமா?’

ஆள் கணக்கு எழுதும் நேரம்.
கண்ணாடிக்கு அப்பால் வெயில்,
வெள்ளை, கோணாத சால்கள்,
இருபத்தெட்டு கால்கள்.