கப்பலூர், டயர்க்கடை மாடி

கீழே நான் பஞ்சர் ஒட்டுகிறேன்,
மேலே ஒற்றை அறையில் அவர்கள் கோயில்.
சிலை கிடையாது. ஒரு புத்தகம்.
கத்திரி வெயிலில் அதற்கு விசிறுகிறார்கள்;
சரிதான், அதற்கும் வேர்க்கும்.

சாமி முன்னால் தலைத்துண்டை அவிழ்த்து
இடுப்பில் கட்டிப் பழகிய கை,
அன்றும் வாசலிலேயே அவிழ்த்தது.
"தலை, தலை" என்றார் ஹர்பிந்தர்.
அப்போது அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.
கிரீஸ் மணக்கிற துண்டோடு உட்கார்ந்தேன்.

இரண்டு கையும் சேர்த்து ஏந்தினால்தான்
ரொட்டி போடுகிறார்கள்.
எனக்குக் கை எழவில்லை.
எங்கள் அப்பா அப்படித்தான் குடித்தார்,
சொம்பு படாமல் உயரத்திலிருந்து ஊற்றிய தண்ணீரை.

எழுந்துவிடலாம் என்று திரும்பினேன்.
பக்கத்தில் ஏழு லாரிக்குச் சொந்தக்காரர்,
எனக்கு நாலு மாதப் பாக்கி வைத்திருப்பவர்,
சம்மணம் போட்டு
இரண்டு கையையும் ஏந்திக்கொண்டிருந்தார்.
அவருக்கும் ஒரு ரொட்டிதான் விழுந்தது.

லாரி ஸ்டிரைக் நடந்த பதினோரு நாளும்
மாடியில் அடுப்பு அணையவில்லை.
டோல்கேட் பையன்கள், சிட்கோ மில்லுக்குப் போகிற பெண்கள்,
யாரையும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை.
வெங்காயம் உரிக்க மட்டும் ஆள் கேட்டார்கள்.

பருப்புக்குத்தான் வாசம் போதவில்லை.
கறிவேப்பிலை ஒரு கட்டு கொண்டு போனேன்,
தாளித்தார்கள்.
அந்தப் பாக்கி
இன்னும் வரவில்லை.