சட்டகத்தில் ஆள் கூடாது

பதினான்கு தீக்குழாய்கள் என்றது பட்டியல்.
ஒவ்வொன்றுக்கும் மூன்று படம்:
எதிரில், பக்கவாட்டில், மூடியைத் திறந்து.
ஆள் வந்தால் படம் செல்லாது.
படத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்.

நகரி மலையின் மூக்கு
எல்லாப் படத்திலும் எட்டிப் பார்க்கிறது.
அதைப் பற்றி விதியில் எதுவும் இல்லை.

முதலாவது, ஏகாம்பரகுப்பம் திருப்பத்தில்.
கழுத்தில் கயிறு.
கயிற்றின் மறுமுனையில்
முனிரத்தினத்தின் டீக்கடைப் பந்தல்.
ஒரு நிமிஷம் அவிழ்த்துக்கிடலாமா என்றேன்.
அவிழ்த்தால் உன் தலையிலதான் விழும்,
எடுத்துக்கோ சார், கயிறு ஆளா என்ன?

இரண்டாவது, பையன்களுக்கு ஸ்டம்ப்.
பந்து பட்டால் டங்கென்கிறது.
அதனால் அந்தத் தெருவில் அவுட்டுக்குச் சண்டையே கிடையாதாம்.
ஓவர் முடியட்டும் என்று வெயிலில் நிற்க வைத்தார்கள்.

நான்காவதன் மேல் சாயம் தோய்த்த நூல் சிட்டங்கள்
சொட்டிக்கொண்டிருந்தன.
ஐந்தாவது, ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிறவர்கள்
ஒரு காலைத் தூக்கி வைத்து வைத்து
உச்சியில் சிவப்பு போய்
எவர்சில்வர் மாதிரி இருந்தது.
மூன்றாவதை மட்டும் காணவில்லை.
அதன் இடத்தில் ஒரு கட்சிக் கொடிக்கம்பம்.

சாயங்காலம் ஆபீசிலிருந்து போன்:
ஆறாவது படத்தில் ஒரு விரல் தெரிகிறதே.
சார், அது என் விரல்.
நீங்களும் ஆள்தானே என்றார்.

ஏழாவது, பாவடித் தெரு.
போன வருஷத்துக்கு முந்தின வருஷம்
குப்புராஜின் தறிக் கொட்டகை பற்றிக்கொண்ட ராத்திரி
இதைத்தான் திறந்தார்களாம்.
தண்ணியில்ல என்று ஒருவன் கத்த
நீள்ளு லேவு என்று ஒருவன் கத்த
தீக்கு இரண்டு பாஷையும் புரிந்தது.
பிறகு சாயப்பட்டறைத் தொட்டிகளிலிருந்து
வாளி வாளியாக
அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து.
கடைசியில் அணைத்தது மயில்கழுத்து.
இரண்டு மழைக்காலம் போயும்
கரிந்த சுவரில் அந்த நிறம் அப்படியே இருக்கிறது.
வெளியூர் வியாபாரிகளை அங்கே கூட்டிவந்துதான்
சாயம் போகாது பாருங்க என்கிறார்கள்.

படிவத்தில் ஒரு கட்டம்:
தண்ணீர் வருகிறதா, ஆம், இல்லை.
ஸ்பானர் போட்டுத் திறந்தேன்.
ஒரு கரப்பான்பூச்சி வந்தது.
கொஞ்சம் துரு.
இல்லை.
இல்லை.
பத்து வரைக்கும் இல்லை.

பதினோராவதைத் தேடி
ஒரு தெருவை மூன்று முறை நடந்தேன்.
கேட்ட இடமெல்லாம் சிரித்தார்கள்.
கடைசியில் கெஜலட்சுமி கதவைத் திறந்து
உள்ளே வாங்க, செருப்பை விட்டுட்டு என்றாள்.

சமையலறையில் இருந்தது.
வீட்டை முன்னால் இழுத்துக் கட்டியபோது
அதைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிட்டார்கள்.
ஒரு பக்கம் காஸ் அடுப்பு, மறுபக்கம் மிக்சி.
உச்சியில் உப்பு ஜாடி.
ஜாடியை எடுத்துவிட்டு
கையாலேயே திருகினாள்.

தண்ணீர்.
என் முட்டிவரை நனைத்த தண்ணீர்.

ராத்திரி ரெண்டு மணிக்கு
தெருவே இங்கதான் குடத்தோட நிக்கும்,
பின்கதவைப் பூட்டுறதே இல்ல என்றாள்.
பிறகு போனைப் பார்த்தாள்.
எழுதிக் கொடுத்தா சுவரை இடிப்பாங்க இல்ல?

எழுதிக் கொடுத்தால் இடிப்பார்கள்.
எழுதாவிட்டால் வண்டியில் வருகிறவர்களுக்குத் தெரியாது.
தெருவுக்குத் தெரியும் என்றாள்,
நான் கேட்காமலே.

கொஞ்சம் இப்படி நில்லுங்கம்மா என்றேன்.
குழாய்க்குப் பக்கத்தில்,
இன்னும் கொஞ்சம் முன்னால்.
முந்தானையைச் சரிசெய்துகொண்டு
கல்யாணப் படத்துக்கு நிற்கிற மாதிரி நின்றாள்.
மூன்று படம் எடுத்தேன்.
மூன்றிலும் அவள்,
ஒன்றில் கையில் உப்பு ஜாடி.

படம் செல்லாது என்று வந்தது.
முப்பத்தாறு ரூபாய் பிடித்தம்.
மீண்டும் போய் எடுக்கவும் என்றார்கள்.
வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்றேன்.

தீக்குழாய்க்கு ஏது வீடு என்று
இதுவரை யாரும் கேட்கவில்லை.