பத்துக்கு முந்நூற்று நாற்பது

தியேட்டருக்குள் எனக்குப் பேர் கிடையாது.
"இம்ப்ளாண்ட் வந்தாச்சா?" என்பார்கள்.
வந்திருப்பேன்.

டி.வி.எஸ். எக்ஸ்.எல்லில் காலிடுக்கில் இரண்டு பெட்டி,
ஒன்றில் தகடு, ஒன்றில் கம்பி.
கோரிப்பாளையம் வேகத்தடையில்
திருகாணிகள் ஒருமுறை குலுங்கி
மறுபடி தத்தம் குழிக்குள் படுத்துக்கொள்ளும்.
ஊருக்குள் யார் எங்கே விழுந்தாலும்
எனக்கு முதலில் வருவது அளவு:
தெப்பக்குளத்துப் படியில் வழுக்கியவளுக்கு
இடுப்புப் பந்து நாற்பத்து நான்கு,
மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு ஓடியவனுக்குக்
கணுக்காலில் ஏழு ஓட்டைத் தகடு.
முகம் வராது.
பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் முகம்.

அபுதாகிருக்கு மட்டும் குரல் வந்தது.

நெல்பேட்டையில் பழைய இரும்புக் கடை.
லாரி இன்ஜின் கட்டை சரிந்ததில்
முழங்காலுக்குக் கீழே இரண்டு துண்டு.
பதினேழு நாள் புத்தூர்க் கட்டு.
முட்டை நாற்றத்தோடு அதை அவிழ்த்தபோது
கால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.
முதுகில் ஊசி போட்டார்கள்.
இடுப்புக்குக் கீழே அவர் இல்லை;
மேலே முழுசாக இருந்தார்.

மங்கையர்க்கரசி டாக்டர் முட்டிச் சில்லுக்குக் கீழே திறந்தார்.
மெல்லிசாய் ஒரு வழிக்கம்பி
உடைப்பைத் தாண்டிக் கணுக்கால்வரை இறங்குவதை
எக்ஸ்ரே திரையில் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம்.
துருவி ஒன்பது, பத்து, பதினொன்று.
எலும்பு மாவு. லேசாய்த் தீய்ந்த வாசனை.
"பத்துக்கு முந்நூற்று நாற்பது" என்றார்.
"பத்துக்கு முந்நூற்று நாற்பது" என்று திருப்பிச் சொல்லி
உறையைக் கிழித்தேன். அதுதான் என் வசனம்.

சுத்தியல்.

ணங். ணங்.

திரைக்கு அப்பாலிருந்து:
"எவர்சில்வர்தானே?"

மயக்க டாக்டர்கூடத் திரும்பிவிட்டார்.
"சத்தத்துலயே தெரியுது. நல்ல சரக்கு, காந்தம் ஒட்டாது.
கிலோ நூறுன்னு நானே எடுப்பேன்."
முகமூடிக்குள் டாக்டர் சிரித்தாரோ என்னவோ.
"பாய், இது விலைக்கில்லை" என்று இன்னொரு அடி.
இறங்க இறங்கச் சத்தம் தடித்தது,
ணங் என்பது ணொக் என்றானது.
"உட்கார்ந்துருச்சு" என்றார் அபுதாகிர்,
டாக்டர் சொல்வதற்கு முன்னால்.

மேலே இரண்டு, கீழே இரண்டு குறுக்கு போல்ட்.
காப்பீட்டுத் தாளில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு
அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன்.

ஒன்றரை வருஷத்தில் எலும்பு கூடிவிட்டது.
நடை சரி, படி சரி,
தராசுத் தட்டில் மூட்டை ஏற்றுவதும் சரி.
தொழுகையில் மண்டி போடும் இடத்தில் மட்டும்
உள்ளிருந்து ஒரு முனை.
நாற்காலியில் உட்கார்ந்து தொழலாமே என்றாராம் யாரோ.
"எனக்கு ஒத்து வராது. எடுத்துடுங்க."

போடுவதைவிட எடுப்பது பாடு.
எலும்பு அதற்குள் கம்பியைத்
தன் ஆளாகச் சேர்த்துக்கொண்டிருக்கும்.
பின்பக்கமாய் அடிக்கிற சுத்தியல், நாற்பது நிமிஷம்.
கழுவி, பிளாஸ்டிக் பையில் போட்டு,
கேட்டவர் கையிலேயே கொடுத்தார்கள்.

போன மாதம் பிரேக் லீவர் தேடி
அவர் கடைக்குள் நுழைந்தேன்.
என்னை அவருக்குத் தெரியாது.
யாரோ கொண்டுவந்த குத்துவிளக்கை
ஒரு கம்பியால் தட்டிக் காது கொடுத்தார்.
"பித்தளை இல்லைம்மா, முலாம்."
எனக்குக் கம்பியின் வளைவு தெரிந்தது,
முனையில் இரண்டு ஓட்டையும்.
"இதுவா? என் காலுக்குள்ள கிடந்தது.
நூத்தி அறுபது கிராம். பதினாறு ரூபாய் பெறும்."
குவியலில் போட மனசு வரவில்லை என்றெல்லாம் சொல்லவில்லை.
தட்டிப் பார்க்க இதுபோல் வராது என்றார்.

"மண்டி போட முடியுதா?"
"கொஞ்சம் இருக்கு இன்னும்... மண்டின்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"பத்துக்கு முந்நூற்று நாற்பது" என்றேன்.

கம்பியைக் கீழே வைத்தார்.
என் முகத்தைப் பார்த்தார்,
வெளிச்சத்துக்குக் கொஞ்சம் திருப்பச் சொல்லி.

லீவருக்கு முப்பது ரூபாய்.
குறைக்கவில்லை.